தை அமாவாசையன்று ஓடிய தறி

என் மகளை முதல் நாள் என் கையில் கொடுக்கவில்லை. பச்சைத் துணியில் சுற்றி, என் முகத்துக்கு நேரே ஒரு நொடி காட்டிவிட்டு, கதவுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய்விட்டார்கள். கார்த்திகை தீபத்துக்கு மறுநாள் காலை அது. முப்பது வாரம்தான் முடிந்திருந்தது. எடை ஒரு கிலோ இருநூறு கிராம். துணிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த பாதம் என் கட்டைவிரல் நீளம் இருந்தது. கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்து வந்த பிள்ளை. தீபத்துக்கு வாசலில் ஏற்றிய அகல்களை எடுத்து வைக்கக்கூட நேரமில்லாமல் வலி வந்து ஆஸ்பத்திரிக்கு ஓடியிருந்தோம்.

என் பெயர் பரமேஸ்வரி. காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் நெசவுக் குடும்பம். காமாட்சியைக் கும்பிடும் உங்களில் நானும் ஒருத்தி. ஆனால் உங்களைப் போலப் பொறுமைசாலி இல்லை. வாய் அதிகம், கோபமும் அதிகம். அன்றைக்கு ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு அவளோடு சண்டை போட்டேன். எங்கள் ஊர் சிவன் கோயில்களில் அம்மனுக்குத் தனிச் சந்நிதி கிடையாது. ஊருக்கே சேர்த்து இவள் ஒருத்திதான். கோபித்துக்கொண்டு பக்கத்துக் கோயில் அம்மனிடம் போகவும் வழியில்லை. அதனால் அவளிடமே சண்டை, அவளிடமே கெஞ்சல்.

"உசிரை மட்டும் குடு. மத்ததை எல்லாம் நான் பாத்துக்கறேன்" என்றேன்.

அவள் கொடுத்தாள். ஆனால் அந்த இரண்டாவது வாக்கியம் பின்னால் என்னைப் படுத்திய பாடு கொஞ்சமல்ல.

நாற்பத்தைந்து நாள் அந்த வார்டில் இருந்தோம். அப்போது ஒவ்வொரு நாளும் எப்போது முடியும் என்று இருந்தது. இப்போது நினைத்தால் ஏக்கமாக இருக்கிறது. வாசலில் செருப்பை விட்டுவிட்டு, முழங்கை வரை சோப்பு போட்டுக் கை கழுவிவிட்டு உள்ளே போவோம். கண்ணாடிப் பெட்டிக்குள் அவள் மஞ்சள் நிறக் கம்பளித் தொப்பி போட்டுக்கொண்டு படுத்திருப்பாள். எலுமிச்சம்பழ அளவுத் தொப்பி என்று என் வீட்டுக்காரர் சொல்வார். அவ்வளவு சின்னது இல்லை, ஆனால் அவருக்கு எதையும் கொஞ்சம் குறைத்துச் சொன்னால்தான் திருப்தி. முதலில் குழாய் வழியாக இரண்டு மில்லி பால். பிறகு ஐந்து. அவள் தானே விழுங்கப் பழகியதும் பாலாடைச் சங்கில் பத்து, இருபது. ஒரு பாலாடைப் பால் குடித்து முடிக்க அவளுக்கு அரை மணி நேரம் ஆகும். குடித்த களைப்பில் ஒரு பெரிய மனுஷி மாதிரி பெருமூச்சு விடுவாள்.

மூன்றாவது வாரத்தில் மார்போடு அணைத்து வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். நான் காலையில், என் வீட்டுக்காரர் ஏகாம்பரம் மத்தியானத்தில். தறியிலிருந்து எழுந்து குளித்துவிட்டுத்தான் வருவார். அப்படியும் எங்கேயாவது ஒரு ஜரிகைத் துணுக்கு ஒட்டிக்கொண்டிருக்கும். ஒருநாள் அவள் நெற்றியில் பொட்டு வைத்த மாதிரி அது மின்னியது. வார்டு சிஸ்டர் பார்த்துவிட்டுப் பஞ்சால் துடைத்து எடுத்தார்கள்.

"அதுக்குள்ள பட்டு கட்டியாச்சா உங்க பொண்ணுக்கு" என்று சிரித்தார்கள்.

அந்த சிஸ்டர்தான் எனக்கு வயசுக் கணக்கைச் சொல்லிக்கொடுத்தவர்.

"இவளுக்கு ரெண்டு தேதி இருக்குதுன்னு வெச்சுக்கோமா. பொறந்த தேதி ஒண்ணு, பொறந்திருக்க வேண்டிய தேதி ஒண்ணு. தடுப்பூசிக்கு மொத தேதி. தலை நிக்குதா, குப்புற உழுதா, உக்காருதா, இதெல்லாம் ரெண்டாவது தேதியில இருந்து எண்ணணும். தெருவுல இருக்கற பிள்ளைங்களோட ஒத்துப் பாத்துக்கினு அழக் கூடாது, சரியா?"

சரி என்று தலையாட்டினேன். அவளுடைய இரண்டாவது தேதி தை மாதக் கடைசியில் வந்தது.

மார்கழி முடியும் சமயம் வீட்டுக்கு அனுப்பினார்கள். ஒரு கிலோ எண்ணூறு. கண் டாக்டர் பார்த்து நன்றாக இருக்கிறது என்றார். கடைசியாகக் காதுப் பரிசோதனை. காதுக்குள் ஒரு சின்னக் குழாயை வைத்தார்கள். இரண்டு காதிலும் 'ரெஃபர்' என்று வந்தது.

"காது கேக்கலன்னு அர்த்தம் இல்லமா இது" என்றார் சிஸ்டர். "திரும்பப் பாக்கணும்னு அர்த்தம். உள்ள கொஞ்சம் ஈரம் இருந்தாக்கூட இப்படிக் காட்டும். மூணு வாரம் கழிச்சு வேற மெஷின்ல பாக்கணும். கார்டுல எழுதியிருக்கேன். தள்ளிப் போடாதீங்க. பிரச்சனை இருந்தாலும் சீக்கிரம் தெரிஞ்சா செய்யறதுக்கு நெறைய இருக்குது."

அவர் சொன்னதில் 'கேக்கல' என்ற ஒரு சொல்தான் என் காதில் விழுந்தது. மீதி எல்லாம் அந்த ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே நின்றுவிட்டது.

எங்கள் வீட்டில் இரண்டு தறி. ஒன்று என் வீட்டுக்காரருடையது, இன்னொன்று அவருடைய அண்ணனுடையது. காலை ஆறு மணிக்கு இரண்டும் தொடங்கும். சுவருக்கு அந்தப் பக்கம் இன்னொரு வீடு, அங்கேயும் தறி. எதிர்வரிசையிலும் தறி. எங்கள் தெருவில் பேசுகிறவர்கள் எல்லோரும் கொஞ்சம் கத்தித்தான் பேசுவோம். வெளியூரில் போய்ப் பேசினால் சண்டை போடுகிறோம் என்று நினைப்பார்கள். அந்தச் சத்தத்துக்கு நடுவே தூளி கட்டி அவளைப் போட்டோம். அவள் பாட்டுக்குத் தூங்கினாள். ஊடுநூல் சுற்றிய நாடாக்கட்டை இங்கும் அங்கும் பறக்கிறது, நூலை நெருக்கும் பலகை தடதடவென்று அடிக்கிறது, அவள் இமைகூட ஆடவில்லை.

என் ஓரகத்தி ஜெயா அக்கா ஒருநாள் தறி ஓடிக்கொண்டிருக்கும்போதே தூளிக்குப் பக்கத்தில் நின்று, எவர்சில்வர் தட்டில் கரண்டியால் ஓங்கித் தட்டிப் பார்த்தாள். அவள் மேல் தப்பில்லை, பாசத்தில்தான் செய்தாள். குழந்தை அசையவில்லை. அக்கா இன்னொரு முறை தட்டினாள். பிறகு தட்டைக் கொண்டுபோய் அடுப்படியில் வைத்துவிட்டுக் கீரை ஆய உட்கார்ந்தாள். ஜெயா அக்கா பேசாமல் இருந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அன்றைக்கே அந்தக் கார்டை எடுத்து சாமி மாடத்தில் காமாட்சி படத்துக்குப் பின்னால் வைத்துவிட்டேன். ஆஸ்பத்திரிக்குப் போனால் சொல்லிவிடுவார்கள். போகாவிட்டால் யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். அவ்வளவுதான் என் புத்தி. என் வீட்டுக்காரர் கேட்டபோது பொங்கல் கழித்துப் போகலாம் என்றேன். பொங்கல் கழித்துக் கேட்டபோது பாப்பாவுக்குச் சளி என்றேன். சளியே இல்லை. அப்படிப் பொய் சொல்லிச் சொல்லிக் கார்டில் எழுதிய தேதி தாண்டிப் போய்விட்டது.

அம்மனிடமும் கேட்கவில்லை. உசிரை மட்டும் கொடு, மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னவள் நான்தானே. எந்த முகத்தோடு மறுபடி போய் நிற்பது? தினமும் விளக்கேற்றினேன். அவள் முகத்தை மட்டும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

இதற்கு நடுவில் அழுகை வேறு. பகலெல்லாம் சமர்த்தாகத் தூங்குகிறவள் விளக்கு வைக்கும் நேரம் ஆனால் வீறிட்டு அழுவாள். கண்ணேறு என்று ஜெயா அக்கா உப்பு மிளகாய் சுற்றிப் போட்டாள். பொங்கல் மூன்று நாளும் பகலிலும் தூங்கவில்லை. வீடு நிறைய விருந்தாளிகள், எல்லோர் கண்ணும் பட்டுவிட்டது என்றோம். பூசணிக்காயும் உடைத்தாகிவிட்டது. அந்த மூன்று நாளும் தறி ஓடவில்லை என்பதோ, சாயங்காலம் விளக்கு வைக்கும் நேரத்தில்தான் தெருவில் தறிகள் நிற்கின்றன என்பதோ எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. பிறந்ததிலிருந்து அந்தச் சத்தத்தில் இருக்கிறோம். அது இருப்பதும் எங்களுக்குத் தெரியாது, நிற்பதும் தெரியாது.

தை மாதம் மூன்றாவது வெள்ளிக்கிழமை என் வீட்டுக்காரர் தறியை நிறுத்திவிட்டு எழுந்து வந்தார். சட்டையை மாட்டிக்கொண்டே பேசினார்.

"கெளம்பு ஈஸ்வரி. கோயிலுக்குப் போலாம்."

"நீங்க போய்ட்டு வாங்க."

"கார்டு எங்க இருக்குதுன்னு எனக்குத் தெரியும். நாலு நாளா தெரியும். நீயா எடுப்பன்னு பாத்துக்கினு இருக்கேன். மொதல்ல அவகிட்ட போய் பேசு."

அவர் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். அவர் கத்தவில்லை. குழந்தையை ஜெயா அக்காவிடம் விட்டுவிட்டுப் போனேன். வெள்ளிக்கிழமைக் கூட்டம். வரிசையில் முக்கால் மணி நேரம் நின்றேன். சந்நிதிக்கு முன்னால் எவ்வளவு நேரம் கிடைக்கும் என்று உங்களுக்கே தெரியும், நகரு நகரு என்பார்கள். அதற்குள் சொல்லிவிட வேண்டும்.

"நான் சொன்ன பேச்சை மாத்தறேன். என்னால எல்லாத்தையும் பாத்துக்க முடியல. அவளுக்குக் காது கேக்கணும். கேக்கலன்னா அதைத் தெரிஞ்சுக்கற தைரியமாவது எனக்கு வேணும். ரெண்டுல ஒண்ணு குடு."

இதுதான் நான் செய்த பிரார்த்தனை. மந்திரமும் இல்லை, விரதமும் இல்லை. குங்குமத்தை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். வெளியே வந்து படியில் உட்கார்ந்து அழுதேன். குழந்தை பிறந்ததிலிருந்து அதுவரை ஒருமுறைகூட அழாமல் இருந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

அடுத்து வந்த திங்கட்கிழமை தை அமாவாசை.

எங்கள் நெசவுக்காரர்களுக்கு அமாவாசை அன்று விடுமுறை. யாரும் நாடா எறிய மாட்டார்கள். தை அமாவாசை என்றால் கேட்கவே வேண்டாம். என் வீட்டுக்காரரும் அவர் அண்ணனும் காலையிலேயே குளக்கரைக்குப் போய்ப் பெரியவர்களுக்குத் தர்ப்பணம் கொடுத்துவிட்டு வந்தார்கள். தெரு முழுக்க அமைதி. குழந்தை ஏழு மணிக்கு அழ ஆரம்பித்தாள். பால் கொடுத்தேன், தோளில் போட்டேன், தூளியில் ஆட்டினேன். ஒன்றும் நடக்கவில்லை. படையல் போட்டு நாங்கள் சாப்பிட்டு எழுந்த பிறகும் அழுகை நிற்கவில்லை. முகம் கன்றிச் சிவந்துவிட்டது. எனக்கும் கை ஓய்ந்துவிட்டது. அவளைத் தோளில் போட்டுக்கொண்டு அடுப்படி வாசலில் நின்றேன்.

தறியில் ஏதோ கயிறு தளர்ந்திருந்ததாம். மறுநாள் வேலைக்கு ஆகட்டும் என்று என் வீட்டுக்காரர் தறி மிதி இருக்கும் குழியில் இறங்கி அதை இறுக்கிக் கட்டினார். சரியாக இருக்கிறதா என்று பார்க்கப் பலகையை இழுத்து நாலு தட்டுத் தட்டினார்.

அழுகை நின்றது.

அவர் தட்டுவதை நிறுத்தினார். இரண்டு நொடி. மறுபடி வீறிட்டாள்.

"இன்னொரு தடவை தட்டுங்க" என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரி இருந்தது.

தட்டினார். அழுகை நின்றது. நிறுத்தினார், அழுதாள். மூன்றாவது முறை அவர் நிறுத்தவில்லை. நூல் போடாமல் வெறும் பலகையையும் மிதியையும் வேலை செய்கிற வேகத்தில் அடித்துக்கொண்டே இருந்தார். என் தோளில் அவளுடைய உடம்பு கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்தது.

சத்தம் கேட்டு ஜெயா அக்கா பதறிக்கொண்டு வந்தாள்.

"தை அமாவாசை அதுவுமா தறி ஓட்றீங்களே தம்பி. சாமி குத்தம்பா."

"ஓட்டல அண்ணி. தட்றேன்" என்றார் அவர். கண்ணில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, கை நிற்கவில்லை.

தட்டினால் அழுகை நிற்பதை நான் சொன்னேன். அக்கா குழந்தையைப் பார்த்தாள், தறியைப் பார்த்தாள். "அப்டீன்னா நிறுத்தாதீங்க தம்பி" என்றாள். சற்று நேரம் கழித்து அவளுக்கே உரிய குணத்தோடு இன்னொன்றும் சொன்னாள்.

"ஆனா ஈஸ்வரி, குழித்தறி இது. தரையே ஆடுது. அந்த ஆட்டத்துலகூட அழுகையை நிறுத்தியிருக்கலாம் இல்ல? ஆஸ்பத்திரிக்குப் போய் பாத்துடு."

அந்த நிமிஷம் அவள் மேல் எனக்கு வந்த கோபம் இன்னும் நினைவிருக்கிறது. அவள் சொன்னது சரி என்பதால் வந்த கோபம். சாமி மாடத்துக்குப் போனேன். காமாட்சியை நிமிர்ந்து பார்த்தேன். படத்துக்குப் பின்னாலிருந்து கார்டை எடுத்தேன். அதில் எழுதியிருந்த தேதியைப் பயப்படாமல் படித்தேன். கேட்ட இரண்டில் ஒன்று கிடைத்துவிட்டது என்று புரிந்தது.

மறுநாள் போனோம். கிளம்பும் முன் அவர் அண்ணன் தறி ஓட்ட, என் வீட்டுக்காரர் அந்தச் சத்தத்தைத் தன் போனில் பதிவு செய்துகொண்டார். தாமதமாக வந்ததற்கு சிஸ்டர் நன்றாகத் திட்டினார்கள். வாங்கிக்கொண்டேன்.

இந்தப் பரிசோதனைக்குக் குழந்தை தூங்க வேண்டும். வெளிச் சத்தம் வராதபடி கதவும் சுவரும் தடிமனாக வைத்த ஒரு சின்ன அறை. அந்த அமைதியில் என் பெண்ணா தூங்குவாள்? ஒரு மணி நேரம் அழுதாள். பரிசோதனை செய்யும் பெண் இன்னொரு நாள் வரச் சொல்லலாமா என்று யோசிக்க ஆரம்பித்தார்.

"இந்தச் சத்தம் போட்டா தூங்குவா மேடம்" என்று என் வீட்டுக்காரர் போனை நீட்டினார்.

"சத்தம் இருந்தா டெஸ்ட் எடுக்க முடியாதுங்க."

"தூங்கற வரைக்கும்தான்மா."

அவர் கதவோரம் நின்று போட்டார். தடக், தடக் என்று எங்கள் வீடு அந்த அறைக்குள் வந்தது. என் மடியில் அவள் அழுகையைப் பாதியில் விட்டாள். கையை ஒருமுறை விரித்தாள். கண் எங்கேயோ நிலைத்தது. பிறகு இமை இறங்கியது.

நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். நாற்காலி ஆடவில்லை. சிமெண்டுத் தரை ஆடவில்லை. போன் அவர் கையில், நாலடி தூரத்தில் இருந்தது. சத்தம் மட்டும்தான் அவளிடம் வந்தது. அந்தப் பெண் மெஷினைத் தொடுவதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது.

போன் சத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, அவள் நன்றாக அயர்ந்த பிறகு நிறுத்தி, நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் சின்ன ஒயர்களை ஒட்டிப் பார்த்தார்கள். இரண்டு காதும் சரியாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தார்கள். அக்கா தட்டித் பார்த்ததைச் சொன்னதும், தறி ஓடும்போது தட்டைத் தட்டினால் எப்படித் திரும்புவாள், அவளுக்கு அது புதுச் சத்தமே இல்லையே என்று அந்தப் பெண் சிரித்தார். "வயித்துலேயே கேட்டிருப்பா" என்றார். உண்மைதான். ஆறு மாதம் வரை நான் தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்டர் நாடா எறிந்துகொண்டிருந்தவள்.

அந்த வாரம்தான் சிஸ்டர் சொன்ன அந்த இரண்டாவது தேதி. பிறந்திருக்க வேண்டிய நாள். எங்களைப் பொறுத்தவரை அவள் அன்றைக்குத்தான் பிறந்தாள்.

சிவகாமி என்று பெயர் வைத்தோம். அதன் பிறகும் எல்லாம் சுலபமாக நடந்துவிடவில்லை. எதிர்வீட்டுப் பிள்ளை உட்கார்ந்தபோது இவளுக்குத் தலையே சரியாக நிற்கவில்லை. இரண்டாவது தேதியிலிருந்து எண்ணிப் பார்த்தால் சரியாகத்தான் இருக்கும். எண்ணினேன், ஒரு செக்கப்பையும் விடவில்லை. ஒன்றரை வயசில் நடந்தாள். 'ம்மா'வுக்கு முன்னால் அவள் சொன்ன முதல் சொல் 'தடக்'. காமாட்சிக்குக் கிளிப்பச்சையில் அரக்குப் பார்டர் போட்டு ஒரு புடவை நெய்து சாத்தினோம். நானும் அவரும் சேர்ந்து நெய்தது. அம்மன் அதைக் கட்டியிருந்த அன்று இவளைத் தூக்கிக் காட்டினேன். இவள் மணிச் சத்தம் வந்த பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இப்போது ஒன்றாம் வகுப்பு முடிக்கப் போகிறாள். அந்த மஞ்சள் தொப்பியை அவளுடைய பொம்மை போட்டுக்கொண்டிருக்கிறது. நான் அதை எடுத்து மோந்து பார்த்தால் "அம்மா, அது என் பாப்பாவோடது" என்று பிடுங்கிக்கொள்கிறாள்.

போன வெள்ளிக்கிழமை கோயில் வரிசையில் எனக்கு முன்னால் ஒரு பெண் நின்றாள். கையில் ஆஸ்பத்திரி ஃபைல். குழந்தை எங்கே என்று கேட்டேன். பெட்டியில் இருக்கிறது, இருபது நாள் ஆகிறது என்றாள். அதற்குள் நகரு நகரு என்று தள்ளிவிட்டார்கள். அவளிடம் சொல்ல முடியாததைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். அவள் படிப்பாளோ, அவளைப் போல் இன்னொருத்தி படிப்பாளோ.

வரிசையில் நின்ற அம்மா, ஒருமுறை கேட்டுவிட்டோமே, இனி எப்படிக் கேட்பது என்று நினைக்காதே. கொடுத்த வாக்கை மாற்றிக்கொண்டும் போய் நிற்கலாம். காமாட்சி கோபித்துக்கொள்ள மாட்டாள், நான் போய்ப் பார்த்தவள். ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்த தேதியை மட்டும் சாமி படத்துக்குப் பின்னால் ஒளித்து வைக்காதே. அங்கே வைத்தாலும் அவள் எடுத்துக் கையில் கொடுத்துவிடுவாள்.

இந்த மாத அமாவாசை அன்று காலை ஆறரை மணிக்கே சிவகாமி கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்து வந்தாள். பள்ளிக்கூடம் லீவு, இன்னும் கொஞ்ச நேரம் தூங்கு என்றேன்.

"தூக்கம் வரலமா. தெருவே சும்மா இருக்குது" என்றாள்.

அவளை மடியில் இழுத்து உட்கார வைத்துக்கொண்டேன். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் அந்த அமைதியைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.